ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



நம் குடும்பங்கள் எந்த ஊரில் குடியேறியிருந்தாலும், பொங்கல் விழாவிலோ கல்யாணப் பந்தியிலோ நாலு பேர் சேர்ந்தால் ஒரு பேச்சு எழாமல் இருப்பதில்லை. "எங்கள் ஊர் ரயிலில் எவ்வளவு கூட்டம் தெரியுமா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். டெல்லிக்காரர் 2024 நவம்பர் 18 அன்று ஒரே நாளில் 78.67 லட்சம் பயணம் என்பார். பெங்களூர்க்காரர் 2025 ஆகஸ்டில் தங்கள் மெட்ரோ 10 லட்சத்தைத் தாண்டியதைச் சொல்வார். சென்னையைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும், "பறக்கும் ரயிலில் ஈ ஓட்டுகிறார்கள்" என்று எல்லாரும் சேர்ந்து சிரிப்பார்கள். மெல்போர்னில் இருந்து வந்த பிள்ளை டிராமைப் பற்றிச் சொல்ல, அத்தோடு பாயசம் வந்துவிடும்.

பந்தியோடு முடிந்துவிட்டால் பரவாயில்லை. இந்த எண்களை வைத்துத்தான் இப்போது எந்த ஊருக்கு ரயில், எந்த ஊருக்கு இல்லை என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். 2025 நவம்பரில் கோயம்புத்தூர், மதுரை ஆகிய இரு நகரங்களின் மெட்ரோ திட்ட அறிக்கைகளை மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2017ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கைப்படி 20 லட்சம் மக்கள் தொகை வேண்டும் என்பது ஒரு காரணம். கோவைக்குக் கணித்திருந்த பயணிகள் எண்ணிக்கை, சென்னையில் உண்மையில் ஓடும் மெட்ரோவோடு ஒப்பிட்டால் மிகையாகத் தெரிகிறது என்பது இன்னொரு காரணம். ஆகவே ஒரு ஊரின் ரயில் கூட்டத்தை இன்னொரு ஊரின் கூட்டத்தோடு ஒப்பிடுவது இன்று கோடிக்கணக்கான ரூபாய் சம்பந்தப்பட்ட காரியம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் நம் பெரியவர்கள். அளக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படியால் அளந்ததையும் மரக்காலால் அளந்ததையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

எண்ணுவது எதை?

முதல் கேள்வி, பயணி என்று யாரை எண்ணுகிறார்கள் என்பது. டெல்லி மெட்ரோ வெளியிடும் கணக்கு, பயணி எத்தனை வழித்தடங்களைப் பயன்படுத்தினார் என்பதைப் பொறுத்தது. காஷ்மீரி கேட்டில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறுகிறவர் இரண்டு பயணமாகக் கணக்கில் ஏறுவார். மூன்று தடம் மாறினால் மூன்று. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. அவர்களே அப்படித்தான் எண்ணுகிறோம் என்று சொல்கிறார்கள். அமெரிக்க நகரங்களிலும் ஒவ்வொரு முறை வண்டியில் ஏறுவதையும் தனித்தனியாக எண்ணும் வழக்கம் உண்டு. பேருந்தில் ஏறி, இலகு ரயிலுக்கு மாறி, மறுபடி பேருந்தில் ஏறினால் மூன்று. போனவர் என்னவோ ஒருவர்தான்.

நம் இந்திய ரயில்வேயில் கணக்கு வேறு. பயணி எங்கே புறப்பட்டாரோ அங்கே ஒரு தடவை எண்ணுவார்கள். தாம்பரத்தில் சீட்டு வாங்கி, பூங்கா நிலையத்தில் இறங்கி, பறக்கும் ரயிலில் மாறித் திருமயிலைக்குப் போகிறவர் தாம்பரத்துக் கணக்கில் சேர்ந்துவிடுவார். பறக்கும் ரயிலின் நிலையத்தில் அவர் சீட்டு வாங்கவில்லை அல்லவா? சீசன் டிக்கெட்டுக்காரர் மாதத்தில் 50 பயணம் செய்தார் என்று வைத்துக்கொள்வது எங்கள் துறையின் பழைய வழக்கம். 25 நாள், போக வர இரண்டு தடவை. அவர் உண்மையில் 30 தடவை போனாரா, 60 தடவை போனாரா என்பதைத் தானியங்கிக் கதவு இல்லாத நிலையத்தில் யார் எண்ணுவது? சீட்டே வாங்காமல் ஏறுகிறவர்களை நான் இங்கே பேசவில்லை. அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை, ஆனால் இருக்கையில் மட்டும் இருப்பார்கள்!

கதவில் அட்டை தேய்த்து எண்ணும் ஊரையும், விற்ற சீட்டை வைத்து ஊகிக்கும் ஊரையும், தடத்துக்குத் தடம் எண்ணும் ஊரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தினால் அந்த வரிசைக்கு என்ன பொருள்?

எவ்வளவு தூரத்துக்கு?

இரண்டாவது கேள்வி பாதையின் நீளம். சென்னை மெட்ரோவில் 2019ஆம் ஆண்டில் 3.28 கோடிப் பேர் பயணம் செய்தார்கள். நோய்த்தொற்றுக் காலமான 2020இல் அது 1.18 கோடியாக விழுந்தது. 2022இல் 6.09 கோடி, 2023இல் 9.11 கோடி, 2024இல் 10.52 கோடி என ஏறியது. 2024இன் கணக்கை நாள்வாரியாகப் பிரித்தால் சுமார் 2.87 லட்சம். டெல்லியின் 78.67 லட்சத்தோடு வைத்துப் பார்த்தால் டெல்லி 27 மடங்கு. சென்னைக்காரர் தலை குனிய வேண்டியதுதான் என்று தோன்றும்.

ஆனால் அப்போது சென்னையின் பாதை 54 கிலோமீட்டர், டெல்லியின் பாதை 350 கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டர் கணக்கில் வகுத்தவுடனே 27 மடங்கு நாலு மடங்குக்குச் சற்று மேல் என்று சுருங்கிவிடுகிறது. டெல்லியின் எண் ஓர் உச்ச நாளின் எண், சென்னையுடையது வருடச் சராசரி. தடத்துக்குத் தடம் எண்ணும் முறையையும் கழித்தால் வித்தியாசம் இன்னும் குறையும். டெல்லி முன்னால்தான் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. 2002இல் தொடங்கியவர்களையும் 2015இல் தொடங்கியவர்களையும் ஒப்பிடுகிறோம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ரயில் பாதை தென்னங்கன்று மாதிரி. வைத்த மறு வருடமே காய் எண்ணக் கூடாது.

இப்போது கைகொட்டிச் சிரிக்கப்படும் பறக்கும் ரயிலுக்கு வருவோம். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995இல் ஓடத் தொடங்கியது. 1997இல் திருமயிலை, 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி என்று வளர்ந்தது. நீளம் சுமார் 19 கிலோமீட்டர். திட்டம் போட்டவர்கள் எதிர்பார்த்த கூட்டத்தில் ஒரு சிறு பகுதியே வந்தது என்பது ஊரறிந்த செய்தி. அதுவும் பின்னாளில் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் என்ற அளவுக்கு வந்தது. கிலோமீட்டருக்கு 5,000 பேர். மெட்ரோவுக்கு 2024இல் கிலோமீட்டருக்கு 5,300 பேர். வித்தியாசம் அவ்வளவுதான்! மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு ஒதுக்கிய 14,600 கோடி ரூபாயில் பத்தில் ஒரு பங்குகூடப் பறக்கும் ரயிலுக்கு ஆகவில்லை. ரூபாயின் மதிப்பு மாறியதைக் கணக்கில் எடுத்தாலும், ஒன்றைத் தோல்வி என்றும் இன்னொன்றைப் பெருமை என்றும் சொல்வதற்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

மணிலாவும் நம் பக்கிங்காம் கால்வாயும்

அதற்காகப் பறக்கும் ரயிலில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அதன் குறையைத் தெரிந்துகொள்ளச் சரியான ஜோடி டெல்லி அல்ல, பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா. அங்கே 1984இல் முதல் இலகு ரயில் பாதை திறக்கப்பட்டது. நம்முடையதைப் போலவே தூண் மேல் ஓடுவது. 2024இல் காவித்தே பக்கம் நீட்டிப்பதற்கு முன் அதன் நீளம் சுமார் 20 கிலோமீட்டர். பெயர்தான் இலகு ரயில். 2010களில் நாளொன்றுக்கு நாலு லட்சம் பேருக்கு மேல் சுமந்தது. கிலோமீட்டருக்கு 20,000 பேர். நம் பறக்கும் ரயிலைப் போல நாலு மடங்கு.

ஒரே நீளம், ஒரே மாதிரித் தூண்கள். எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம்? மணிலாவில் பாதையை டாஃப்ட் அவென்யூ, ரிசால் அவென்யூ போன்ற பெரிய சாலைகளின் மேலேயே போட்டார்கள். கடையும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கிற சாலை அது. படி இறங்கினால் ஜீப்னி என்கிற பங்கு வண்டி நிற்கும். சில நிமிடத்துக்கு ஒரு ரயில். நாம் என்ன செய்தோம்? நிலம் எடுக்கும் தொல்லை இல்லை என்று பக்கிங்காம் கால்வாயின் மேல் போட்டோம். கால்வாய் ஊருக்குப் பின்புறமாகப் போவது. பேருந்து நிற்பது ஓரிடம், நிலையம் இருப்பது ஓரிடம். நிலையங்களைக் கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று நம்பி அரண்மனை போலக் கட்டினோம். அவை வராததால் மாலை மயங்கினால் பெண்கள் தனியே படியேற அஞ்சும்படி இருண்டு கிடந்தன. கூட்ட நேரத்தில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி, மற்ற நேரத்தில் இருபது நிமிடம் வரை காத்திருப்பு. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை மிச்சமிருந்த ஐந்து கிலோமீட்டர், நிலம் எடுப்பதில் சிக்கி வருடக்கணக்காக நின்றது. அது இருந்தால் தாம்பரம் மின்ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் கை கோத்திருக்கும். இது போதாதென்று 2023 ஆகஸ்டில் நாலாவது ரயில் பாதை போடுவதற்காகக் கடற்கரை – சிந்தாதிரிப்பேட்டை பகுதியை மூடினார்கள். திறக்க 2024 அக்டோபர் ஆயிற்று. ஒரு முனையை வெட்டிவிட்டுக் கூட்டம் குறைந்தது என்றால், குற்றம் பயணியுடையதா?

எனவே கூட்டம் குறைவு என்றால் "ஜனங்களுக்கு ரயில் வேண்டாம்" என்று பொருள் இல்லை. "ஜனங்கள் இருக்கிற இடத்தில் ரயில் இல்லை" என்று பொருளாக இருக்கலாம். எண் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டும். பிரித்துப் பார்ப்பது நம் வேலை.

20 லட்சம் என்ற கோடு

இனி மக்கள் தொகைக்கு வருவோம். கனடா நாட்டில் கால்கரி என்று ஓர் ஊர். 2021இல் அதன் மக்கள் தொகை சுமார் 13 லட்சம். இலகு ரயில் தொடங்கிய 1981இல் ஆறு லட்சம்கூட இல்லை. நம் கொள்கைப்படி அந்த ஊர் விண்ணப்பமே போட்டிருக்க முடியாது. ஆனால் நோய்த்தொற்றுக்கு முன்பு அங்கே வேலை நாளில் சுமார் மூன்று லட்சம் தடவை மக்கள் ரயிலில் ஏறினார்கள். பாதை சுமார் 60 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 5,000. நம் சென்னை மெட்ரோவின் அளவு!

எப்படிச் செய்தார்கள்? பெரும்பகுதியைத் தரையிலேயே போட்டார்கள், அதனால் செலவு குறைந்தது. ஊர் நடுவில் கார் நிறுத்தும் இடங்களைக் குறைவாகவும் விலை அதிகமாகவும் வைத்தார்கள். புறநகர்ப் பேருந்துகளை எல்லாம் ரயில் நிலையத்துக்குத் திருப்பிவிட்டார்கள். நகர மையத்தில் ஏழாவது அவென்யூவுக்குள்ளேயே ஏறி இறங்குகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று வைத்தார்கள். இந்தக் கடைசி ஏற்பாடு எண்ணிக்கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டு நிறுத்தம் போகிறவரும் ஒன்று, இருபது கிலோமீட்டர் போகிறவரும் ஒன்று அல்லவா?

மெல்போர்ன் இன்னொரு பாடம். அதன் டிராம் பாதை சுமார் 250 கிலோமீட்டர், உலகிலேயே மிகப் பெரியது. நோய்த்தொற்றுக்கு முன் வருடத்துக்குச் சுமார் 20 கோடிப் பயணங்கள். கேட்க மலைப்பாக இருக்கும். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு 2,200தான், சென்னை மெட்ரோவில் பாதிக்கும் கீழே. அதனால் மெல்போர்ன் டிராம் தோல்வியா? இல்லை. அது தெருவில் ஓடுவது. தூணும் சுரங்கமும் கிடையாது. வீட்டு வாசலில் இருந்து கடைத்தெரு வரை போகிற கிழவிக்கும் அது வண்டி. 1895இலேயே மின்சார டிராம் ஓட்டிய நம் சென்னைக்கு இது புரியாத விஷயம் அல்ல. 1953இல் அதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான். கல்கத்தாவிலும் ஒரு சிறு பகுதியை நினைவுச்சின்னமாக வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதாக 2024இல் அறிவித்தார்கள்.

ஆகவே கோவை, மதுரை விஷயத்தில் என் கருத்து இதுதான். மிகையாகக் கணித்த எண்ணைக் கேள்வி கேட்டது தவறல்ல. பறக்கும் ரயிலுக்கு முதலில் சொன்ன ஆகாசக் கணக்குதான் பின்னால் அதற்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் சென்னையில் இன்று ஏறுகிற கூட்டத்தை எல்லை என்று வைத்து, 20 லட்சம் என்று ஒரு கோடு கிழித்துக் கதவைச் சாத்துவது தவறு. அதுவும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்து! கேட்க வேண்டிய கேள்வி வேறு. உச்ச நேரத்தில், ஒரு திசையில், ஒரு மணிக்கு எத்தனை பேர் போகிறார்கள்? பொறியாளர்கள் ரயிலின் அளவைத் தீர்மானிப்பது இந்த ஓர் எண்ணை வைத்துத்தான். மணிக்கு 15,000 பேர் வரை போகிற தடங்களுக்கு ஏற்ற 'மெட்ரோலைட்' என்னும் இலகு ரயிலுக்கு மத்திய அரசே 2019இல் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. பெரிய சட்டை பொருந்தவில்லை என்றால் சின்னச் சட்டை தைக்கலாம். பிள்ளையைச் சட்டையே இல்லாமல் அனுப்ப வேண்டியதில்லை.

ஐந்து ரூபாய்ச் சீட்டு

அடுத்து வரப்போகும் சோதனை பறக்கும் ரயிலை மெட்ரோவோடு இணைப்பது. 2025இல் ரயில்வே வாரியம் இதற்குக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. நல்ல காரியம். ஒரே நிர்வாகம் வந்தால் நிலையங்களில் வெளிச்சம் வரும், வண்டிகள் அடிக்கடி ஓடும். ஆனால் பறக்கும் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், மெட்ரோவின் குறைந்தபட்சம் 10 ரூபாய். பறக்கும் ரயிலில் சீசன் டிக்கெட் உண்டு. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவும், தரமணியில் காவல் வேலை பார்க்கிறவரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

பெங்களூரில் 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணத்தை உயர்த்தியபோது கூட்டம் உடனே குறைந்தது. பிறகு புதுத் தடம் திறந்ததும் மொத்த எண் சாதனை படைத்தது. செய்தித்தாளில் சாதனைதான் வந்தது. கட்டணம் தாங்காமல் இறங்கிப் போனவர்கள் திரும்பி வந்தார்களா என்பதை அந்தச் சாதனை எண் சொல்லாது. சென்னையிலும் நாளைக்குக் குளிரூட்டிய வண்டி வந்து, ஐந்து ரூபாய்க்காரர் இறங்கி, ஐம்பது ரூபாய்க்காரர் ஏறினால் எண்ணிக்கை மாறாது. வருமானம்கூடக் கூடும். ஆனால் அந்தப் பாதையை எதற்காகப் போட்டார்களோ அது போய்விடும். இணைப்பு ஒப்பந்தத்திலேயே ஐந்து ரூபாய்ச் சீட்டையும் சீசன் டிக்கெட்டையும் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. சிங்கப்பூரில் 2010 முதல் பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினாலும் மொத்தத் தூரத்துக்கே கட்டணம். சென்னையிலும் 2025 செப்டம்பரில் பேருந்து, மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு வாங்கும் வசதி வந்தது. சீட்டு ஒன்றானது போலக் கட்டணமும் ஒன்றாக வேண்டும்.

எண்ணிக்கையில் வராதவர்கள்

நான் இதை எழுதுவது நாகலாபுரத்திலிருந்து. வேதநாராயணப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். 1960இல் எல்லையைச் சீர்செய்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரத்தில் இருந்துவிட்டோம். 2022 முதல் எங்கள் மாவட்டத்தின் பெயரும் சித்தூரிலிருந்து திருப்பதி ஆயிற்று. வைத்தியத்துக்கும் துணிமணிக்கும் பலருக்கு இன்னும் சென்னைதான். ஊரில் ரயில் நிலையம் இல்லை. பக்கத்து நிலையம் புத்தூர். புத்தூரிலிருந்து அத்திப்பட்டுக்கு 88 கிலோமீட்டர் புதுப் பாதை என்று ரயில்வே பட்டியலில் ஒரு வரி பல காலமாக இருக்கிறது. பாதை வரவில்லை.

சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று பேருந்தில் போய், 2018இல் ஆந்திரப் பேருந்துகளுக்காகத் திறந்த மாதவரம் நிலையத்தில் இறங்குகிறார். அங்கிருந்து மாநகரப் பேருந்து. முழங்கால் வலியோடு இரண்டு தடவை ஏறி இறங்குகிற இந்த மனிதர் எந்த ரயில் கணக்கிலும் கிடையாது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் மாதவரத்திலிருந்து தொடங்குகின்றன. பேருந்து நின்ற இடத்திலிருந்து நிழலில் நடந்து ரயில் ஏறும்படி அந்த நிலையம் அமைந்தால், ஒரே நாளில் அவர் "புதிய பயணி" ஆகிவிடுவார். உண்மையில் அவர் புதியவரே அல்ல. இத்தனை வருடமும் போய்க்கொண்டுதான் இருந்தார். நாம்தான் எண்ணவில்லை.

ரயில் இல்லாத ஊரில் ரயில் கூட்டம் பூஜ்யம். பூஜ்யத்தைக் காட்டி ரயில் தேவையில்லை என்பது, பாலம் இல்லாத ஆற்றை யாரும் கடக்கவில்லை என்று சொல்லிப் பாலத்தை மறுப்பது மாதிரி. எங்கள் ஆரணியாற்றில் வெள்ளம் வந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அன்பர்களே, உங்களில் பலர் நல்ல பதவிகளில் இருக்கிறீர்கள். சிலர் திட்டமிடும் துறைகளிலேயே இருக்கிறீர்கள். ஊருக்கு மனு எழுதும்போதும், பத்திரிகைக்குக் கடிதம் போடும்போதும், வேளச்சேரியில் வீடு வாங்கப் போகும்போதும், யாராவது ஒரு பெரிய எண்ணைக் காட்டினால் நாலு கேள்வி கேளுங்கள். எதை எண்ணினீர்கள்? எத்தனை கிலோமீட்டருக்கு? எவ்வளவு செலவில், எவ்வளவு கட்டணத்தில்? யாரை எண்ணாமல் விட்டீர்கள்? இந்த நாலுக்கும் பதில் கிடைத்த பிறகு பெருமைப்படவும் சிரிக்கவும் நிறைய நேரம் இருக்கிறது.

— ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர், நாகலாபுரம்